மிதிக்கட்டைக்குக் கீழே இருப்பவர்

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம்
30.6.2025

ஆரணியில் இருக்கும் அண்ணி மணியம்மாளுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி நீலாம்பாள் எழுதுவது.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியத்தன்று அவர் படத்துக்கு ஏற்றிய கற்பூரத்தை நீங்கள்தான் உள்ளங்கையால் அடித்து அணைத்தீர்கள். "இனிமே இவகூட வாய் தொறந்து ஒரு வார்த்த பேசினா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று சத்தியம் வேறு செய்தீர்கள். படத்துக்கு வேறு கற்பூரம் வாங்கிவர ஆள் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் சேலை. இளவரசி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக அவர் தன் கையால் நெய்துகொண்டிருந்த அரக்குச் சேலை இன்னும் தறியில்தான் இருக்கிறது. ரெண்டரை கெஜமும் முந்தானையும் பாக்கி. கல்யாணம் ஆவணி பதிமூன்று. எனக்குப் பிள்ளை இல்லை. இளவரசி உங்கள் வயிற்றில் பிறந்தாலும் எங்கள் மடியில் வளர்ந்தவள். மாமா சேலை வந்துவிடும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மனசைக் கல்லாக்கிக்கொண்டு தறியில் உட்காரப் போனேன். எழுபது நாளாக யாரும் கால் வைக்காத தறிக்குழி. இடது காலை இறக்கினேன். மிதிக்கட்டையில் சில்லென்று ஏதோ பட்டது. கத்திக்கொண்டு ஏறிவிட்டேன். பேட்டரி லைட் அடித்துப் பார்த்தால் ஒரு தவளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வாய் ஊசி முனை மாதிரி சின்னது. முதுகில் காபி நிறத்தில் கோபுரக் கரை போட்ட மாதிரி ஒரு கோலம். ரெண்டு பக்கமும் இழை தப்பாமல் ஒரே அளவு.

நாளைக்கு அதை ஒரு டப்பாவில் பிடித்துக் குளத்தில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். சேலை எங்கே என்று இளவரசியிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அதற்குப் பதில் இது.

நீலாம்பாள்


ஆரணி
4.7.2025

நீலாம்பாளுக்கு மணியம்மாள்.

டப்பாவைக் கீழே வை. முதலில் கீழே வை, பிறகு மேலே படி.

அது தவளை இல்லை. என் தம்பி கலியாணசுந்தரம்.

சிரிக்காதே. காஞ்சிபுரத்தில் குளத்துக்கா குறைச்சல்? எந்தக் குளத்துக்கும் போகாமல், எழுபதாம் நாள், என் தம்பியின் தறிக்குழிக்கு வந்து, அவன் இடது கால் வைக்கிற மிதிக்கட்டைக்குக் கீழேயே உட்கார ஒரு தவளைக்கு என்ன தலையெழுத்து? முதுகில் கோபுரக் கரை என்று நீயே எழுதியிருக்கிறாய். கோபுரக் கரையில் அவனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் உண்டா? உன் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், உனக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு ஆரணியிலிருந்து தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன். அது கத்துகிறதா? கத்தாது என்று இங்கிருந்தே சொல்கிறேன். அவனும் கல்யாணமான நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் திறந்து என்ன பயன் என்று இருந்துவிட்டான்.

குழியில் பினாயில் ஊற்றாதே. துடைப்பம் படக்கூடாது. காலையில் ஒரு இட்லி வை. அவனுக்குச் சட்னி ஆகாது, மிளகாய்ப்பொடி வை. நல்லெண்ணெய் ஊற்று, மற்ற எண்ணெயை ஏமாற்றி ஊற்றாதே. உயிரோடு இருந்தபோதுதான் மார்வலி என்றவனை டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. இப்போதாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்.

சேலை ஆவணி ஐந்தாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். தாய்மாமன் சேலை கட்டாமல் என் பெண் மணையில் உட்காரமாட்டாள். நானும் உட்கார விடமாட்டேன்.

மணியம்மாள்
(எட்டாவது பாஸ்)


காஞ்சிபுரம்
9.7.2025

அண்ணிக்கு.

இட்லி வைத்தேன். இட்லியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இட்லிக்கு வந்த எறும்பைத் தின்றது. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் நாக்கை மட்டும் நீட்டுகிறது. எண்ணிக்கொண்டே இருந்தேன், நாற்பத்திரண்டு. அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. சர்க்கரை டப்பாவில் ஒரு எறும்பைப் பார்த்துவிட்டால் உங்கள் தம்பி அன்றைக்கு டீயே குடிக்கமாட்டார். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாவு நூலில் தடவின கஞ்சி வாசனைக்கு வருஷம் முழுக்க எறும்பு மொய்க்கும், தறிக்காலில் கறையான் ஏறும். இப்போது தறியில் ரெண்டும் இல்லை. அவர் மண்ணெண்ணெய் தடவித் தடவி முப்பது வருஷமாக முடியாததை இது ஒரு வாரத்தில் முடித்திருக்கிறது. இதனாலேயே இது அவர் இல்லை என்கிறேன்.

டாக்டர் விஷயம். மார் வலிக்குது என்று தறியிலிருந்து எழுந்தார். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன். "வாயுமா, ஒண்ணும் இல்ல. இஞ்சி டீ போடு" என்றார். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நேரம். நீங்கள் வாரம் தவறாமல் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய உப்பு ஊறுகாயைப் பற்றிப் பதினாறாம் நாள் நான் சொன்னதும் தப்பில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரு ஜாடி ஊறுகாய் யார் அனுப்புவார்கள்?

இப்போது வேலைக்கு வருகிறேன். இது கோர்வைச் சேலை. உடல் அரக்கு, கரை பச்சை. ரெண்டு நிறத்தையும் ஒவ்வொரு இழையிலும் கோத்து வாங்க ரெண்டு ஆள் வேண்டும். அவர் நடுவில் உட்கார்ந்து உடலுக்குக் குறுக்கிழை போட நாடா ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவேன். இருபத்தாறு வருஷம் நான் பக்கத்து ஆள். இப்போது நான் குழியில் இறங்கினால் பக்கத்துக்கு ஆள் இல்லை. குழியிலும் நீங்கள் தம்பி என்கிறீர்கள். தம்பி தலைமேல் மிதித்துக்கொண்டு நான் எப்படி நெய்வது?

அண்ணி, உங்களுக்குச் சேலை வேண்டுமா, தம்பி வேண்டுமா? ஒன்றைச் சொல்லுங்கள்.

நீலாம்பாள்


ஆரணி
14.7.2025

நீலாம்பாளுக்கு.

ரெண்டும் வேண்டும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஊறுகாயைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்துவிட்டு மூன்று வேளை சாப்பிடவில்லை. நாலாவது வேளை ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை. அவன் கேட்டு நான் எதை இல்லை என்றேன்? "அக்கா, நார்த்தங்காய் தீந்து போச்சி" என்று போன் செய்வான். வருஷத்தில் அவன் பேசின பேச்சே அவ்வளவுதான். அதற்காகவே அனுப்பினேன். பாவி, அதைப் பிடுங்கிவிட்டாயே.

சரி, கேள். சண்டையை அவனே தீர்த்துவைக்கட்டும். பூ போட்டுப் பார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ரெண்டையும் கட்டிக் குழியின் ஓரத்தில் வைத்து, விளக்கேற்றி, மனசில் நினைத்துக்கொண்டு நில். வெள்ளைப் பக்கம் வந்தால், தறியில் நீ உட்காருவது அவனுக்குச் சம்மதம். சிவப்புப் பக்கம் வந்தால், உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எதற்கும் வெள்ளையில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவி வை. ஓரவஞ்சனை என்று நினைக்காதே, எனக்குச் சேலை முடிய வேண்டும்.

பக்கத்து ஆளை நீதான் தேட வேண்டும். காஞ்சிபுரத்தில் கைக்கா பஞ்சம்?

மணியம்மாள்


காஞ்சிபுரம்
20.7.2025

அண்ணிக்கு.

பக்கத்து ஆளைத் தேடினேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்றாலும் ஆவணி முகூர்த்தத்துக்காக எல்லாத் தறியும் ஓடுகிறது. சும்மா இருக்கிற கை ஒன்றும் கிடைக்கவில்லை.

பூவும் போட்டுப் பார்த்தேன். ரகசியமாகத்தான் செய்தேன். ஆனாலும் எதிர்வீட்டு மஹாலட்சுமி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, பொண்ணு பாக்க வர்ற மாதிரி பூவெல்லாம் வெச்சிக்கினு நிக்கிற? யாரு வர்றாங்க?" என்று உள்ளே வந்துவிட்டாள். அவள் வந்தால் தெருவே வந்த மாதிரி. குழியைச் சுற்றிப் பத்துப் பேர். தவளை வெள்ளைக்கும் போகவில்லை, சிவப்புக்கும் போகவில்லை. ஒரே தாவாகத் தாவி மஹாலட்சுமியின் கால்மேல் உட்கார்ந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் விளக்கு அணைந்துபோனது. இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் எழுதவில்லை.

அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் எஸ்தர் டீச்சர் ஓடிவந்தாள். கடைசி வீட்டில் குடியிருக்கிறாள், முசரவாக்கத்தில் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறாள். தவளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குத் தொண்டை பார்க்கிற மாதிரி லைட் அடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இது சின்ன வாய்த் தவளை. எறும்பும் கறையானும்தான் தின்னும். வெயில் காலத்துல ஈர மண்ணுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கும். மழை வந்தா வெளிய போயி தண்ணி நிக்கிற பள்ளத்துல முட்டை போடும். தெருவெல்லாம் சிமெண்ட் போட்டுட்டாங்களே, அது எங்க போவும்? ஈரமண்ணு, இருட்டு, வேளா வேளைக்கு எறும்பு. உங்க தறிக்குழிய விட்டா அதுக்கு வேற நல்ல வீடு கிடையாது."

மஹாலட்சுமி விடவில்லை. பூ எதற்கு என்று அவள் கேட்டபோது நானே உளறியிருந்தேன். "டீச்சர், இது கலியாணசுந்தரம் அண்ணன்னு ஆரணியில சொல்றாங்களே?" என்றாள்.

டீச்சர் சிரிக்கவில்லை, நல்ல பெண். "ஆம்பளைத் தவளைக்குத் தொண்டை கறுப்பா இருக்கும்கா. அதுதான் கத்தும். இதுக்குத் தொண்டை வெள்ளையா இருக்குது, சத்தமும் இல்ல. இது பொண்ணு" என்றாள்.

பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை, வந்தவர்களுக்குக் காபி போடவே நேரம் சரியாக இருந்தது. தவளைதான், தவளைதான் என்று முதல் நாளிலிருந்து எழுதுகிறவள் நான். ஆனாலும் அண்ணி, தினமும் சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுக் குழி ஓரத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை எல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேஸ் விலை ஏறினதைச் சொன்னேன். மாடியில் தண்ணீர் டேங்க் ஒழுகுவதைச் சொன்னேன். உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். நான் குழியில் இறங்காமல் இருந்தது தவளைக்குப் பயந்து இல்லை. அது அவர் கால் இருந்த இடம். அதில் என் காலைக் கொண்டுபோய் எப்படி வைப்பது?

சரி. அது உங்கள் தம்பி இல்லை என்று முடிவாகிவிட்டது. இனிமேல் இட்லிக்கு மிளகாய்ப்பொடி கிடையாது.

நீலாம்பாள்


ஆரணி
25.7.2025

நீலா,

உன் காகிதத்தை ரெண்டு முறை படித்தேன். ரெண்டாவது முறை மூக்கைச் சிந்திக்கொண்டு படித்தேன். உன் அண்ணன், என் வீட்டுக்காரர், "இன்னாடி, யாரு போய்ட்டாங்க?" என்று பயந்துபோனார்.

அழுதாய் என்று எழுதியிருந்தாய். நல்லது.

ஆனால் நாம் ரெண்டு பேரும் எவ்வளவு மக்கு என்று பார். தொண்டை வெள்ளை, அதனால் பெண். பெண் என்றால் யார்? அம்மா!

அந்தத் தறிக்குழி முதலில் யாருடையது? அம்மாவுடையது. அப்பா கைநடுக்கம் வந்து படுத்த பிறகு அதில் உட்கார்ந்து எங்கள் ரெண்டு பேரையும் வளர்த்தவள் காமாட்சியம்மாள். தம்பியெல்லாம் பிறகு வந்தவன். வாய் சின்னது என்று எழுதியிருக்கிறாய். வெற்றிலையை நாலாகக் கிழித்துத்தானே அம்மா வாயில் போடுவாள்? உட்கார்ந்த இடத்திலிருந்தே வீடு முழுக்கக் கண்காணிப்பாள். எறும்பைக் கண்டால் விடமாட்டாள். மஹாலட்சுமியின் மாமியாரோடு அம்மாவுக்கு இருபது வருஷப் பகை, அதுதான் நேராக அவள் காலுக்குப் போயிருக்கிறாள். எல்லாம் பொருந்துகிறது. கத்தாதது ஒன்றுதான் பொருந்தவில்லை. வயதாகிவிட்டது, அடங்கியிருப்பாள்.

பிள்ளை போன இடத்தைக் காவல் காக்க வந்திருக்கிறாள். இட்லியை நிறுத்தாதே. அம்மாவுக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்ளப் பிடிக்கும்.

சேலையை மறக்காதே. நாள் நெருங்குகிறது. நேற்று இளவரசி, "மாமா சேல வராதாம்மா?" என்று கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மணியம்மாள்


காஞ்சிபுரம்
31.7.2025

அண்ணிக்கு.

அத்தையா!

இருபத்தாறில் முதல் பன்னிரண்டு வருஷம் அவர்களோடு அதே தறியில் உட்கார்ந்தவள் நான். கரையில் ஒரு இழை தப்பினால் தொடையில் கிள்ளுவார்கள். சத்தமே வராத கிள்ளு. தடம் இன்னும் இருக்கிறது, நேரில் வந்தால் காட்டுகிறேன். நான் வைத்த ரசத்தை, "தண்ணி நல்லா காஞ்சிருக்குது" என்பார்கள். உயிர் போகிறபோது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனப் பாத்துக்கோடி" என்றார்கள். அதிலும் கையைக் கொஞ்சம் கிள்ளினார்கள்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உங்கள் காகிதத்தைப் படித்து முடித்தேன். மடித்து வைத்தேன். நேரே போய்க் குழியில் ரெண்டு காலையும் இறக்கினேன்.

அவர் என்றால் வைக்க முடியவில்லை. அத்தை என்றால் ஒரு சங்கடமும் இல்லை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை முறை வைக்க நினைத்த கால்! மிதிக்கட்டையை அழுத்தினேன். அத்தை பேசாமல் மூலைக்கு நகர்ந்துகொண்டார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு நாளும் எனக்காக நகர்ந்தவர்கள் இல்லை.

பாவு தளர்ந்திருந்தது. இழுத்துக் கட்டினேன். அவர் நிறுத்தின இழையைத் தேடி, அதற்கு அடுத்த இழையைப் போட்டேன். பக்கத்து நாடாவுக்கும் நானே எழுந்து எழுந்து போய் வந்தேன். ஒரு விரற்கடை நெய்ய ஒரு காலைப்பொழுது ஆனது. இந்த வேகத்தில் போனால் சேலை இளவரசியின் பேத்தி கல்யாணத்துக்குத்தான் வந்து சேரும்.

பக்கத்தில் உட்கார ஒரே ஒரு ஆள்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு ஏழு வருஷம் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை போட்டவர். அந்தக் கை மறந்திருக்காது என்று உங்கள் தம்பி அடிக்கடி சொல்வார், "எங்கக்கா கரை போட்டா கண்ணுல ஒத்திக்கலாம்" என்பார். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். நான் கெஞ்சவில்லை. சத்தியம் வாய்க்குத்தான் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

நீலாம்பாள்


ஆரணி
4.8.2025

நீலா,

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அம்மாவைப் பார்க்க வருகிறேன். வந்த இடத்தில் சும்மா உட்காரப் பிடிக்காது, அதனால் கரை போடுகிறேன். உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், நீயும் எதிர்பார்க்காதே. காபியில் சர்க்கரை ஒன்றரை ஸ்பூன். இதைக் கேட்க வாய் திறக்க முடியாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

ஊறுகாய் கொண்டுவரவில்லை.

மணியம்மாள்


ஆரணி
21.8.2025

நீலா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சேலையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவள், "இன்னாமா, கொழந்தையா?" என்று கேட்டாள்.

முதலில் வழக்கைத் தீர்க்கிறேன். நேற்று மஹாலட்சுமி போன் செய்து, "இன்னாக்கா, சத்தியத்த உட்டுட்டு நீங்கதான் மொதல்ல பேசினீங்களாமே" என்று சிரிக்கிறாள். தெருவெல்லாம் நீ சொல்லிக்கொண்டு இருக்கிறாயாம். நான் பேசவே இல்லை. ஒவ்வொன்றாகக் கேள்.

முதல் ஒன்பது நாள் நான் சொன்னதெல்லாம் அம்மாவிடம் சொன்னது. "யம்மா, உன் மருமவகிட்ட சொல்லு, ஊடை நூலு தளந்துக்கினு போவுது" என்றேன். குழியைப் பார்த்துத்தான் சொன்னேன். "யம்மா, கொழம்புல உப்பு இல்ல, உன் வீட்டுல இதெல்லாம் கேக்க ஆள் இல்லயா" என்றேன். அதுவும் குழியைப் பார்த்துத்தான். நீயும் யோக்கியம் இல்லை. "அத்த, உங்க பொண்ணு நாடாவக் கையில வெச்சிக்கினே தூங்குறாங்க, கொஞ்சம் கிள்ளுங்க" என்றாய். அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு நாம் ரெண்டு பேரும் முப்பது வருஷக் கதையையும் பேசி முடித்தோம். டாக்டர் கதையையும் ஊறுகாய்க் கதையையும்கூட அம்மாவிடம்தான் சொன்னோம். அம்மா ஒருத்தருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை, எறும்பு தின்றுகொண்டிருந்தாள். இதில் எங்கே நான் உன்னோடு பேசினேன்?

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அந்த மழை வந்தது. அம்மா குழியை விட்டு ஏறினாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தெருவுக்குத் தாவிவிட்டாள். "யம்மா, மழையில நனையாத!" என்று நான் கத்தினதும் அவளிடம்தான்.

அதற்குப் பிறகு ஒன்றரை நாள். சொல்லிவிட ஆள் இல்லை. முந்தானை முழுக்க ஊமை வேலை. நீ தொண்டையைக் கனைத்தால் நான் நாடாவைப் போடுவேன், நான் கனைத்தால் நீ நிறுத்துவாய். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது கிடையாது. வயிறு உப்பிவிட்டது. ஒருவேளை அம்மா திரும்பி வந்து மூலையில் இருப்பாளோ என்றுதான் குனிந்து குழிக்குள் கையை விட்டுத் துழாவினேன். உன் கால் கைக்குப் பட்டது. "இன்னாடி இது, இவ்ளோ சில்லுன்னு இருக்குது?" என்றேன்.

உன்னையா கேட்டேன்? காலைக் கேட்டேன். 'டி' போட்டேனாம். காலுக்கும் 'டி' போடலாம். கால் பதில் சொல்லவில்லை, நீதான் ஓவென்று அழ ஆரம்பித்தாய். நான் அழுதது உன்னைப் பார்த்துத் தொற்றிக்கொண்டது. அழுகை பேச்சில் சேராது. எட்டாவது பாஸ் பண்ணினவள் சொல்கிறேன்.

சேலையை இளவரசி பிரித்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மாமா எதுவரைக்கும் நெய்தாரு, நீங்க எங்கருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள். விரல் வைத்தால் எனக்குத் தெரிகிறது. அவன் இழை அடிக்கிற அடி கொஞ்சம் அழுத்தம். "நீயே தேடிக்கோ" என்று சொல்லிவிட்டேன். தேடிக்கொண்டே இருக்கிறாள்.

இன்னொன்று. சீர்த் தட்டை யார் தூக்குவது என்று இங்கே பேச்சு நடக்கிறது. என் ஓர்ப்படிகள் ரெண்டு பேரும், "தாலி இல்லாதவ மணைக்குக் கிட்ட எப்பிடி..." என்று இழுத்தார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது. சேலையில் பாதி தாய்மாமன் நெய்தது, பாதி தாய்மாமன் பெண்டாட்டி நெய்தது. அவன் இல்லை, நீ இருக்கிறாய். தட்டை நீதான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பின்வரிசையில் போய் உட்கார்ந்தாயானால் அங்கேயே ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்துவேன்.

பதினாறாம் நாள் நான் சொன்னது, டாக்டர் விஷயம், அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. இதையும் காகிதத்தில்தான் சொல்ல வருகிறது.

மணியம்மாள்


காஞ்சிபுரம்
24.8.2025

அண்ணிக்கு.

அத்தை திரும்பி வரவில்லை. தெருக்குழாய்க்குப் பின்னால் மழைத்தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சாயங்காலமானால் அங்கே கறுப்புத் தொண்டைக்காரர்கள் பதினைந்து இருபது பேர் சேர்ந்துகொண்டு கூப்பிடுகிறார்கள். சீப்புப் பல்லை நகத்தால் வரட்டுவரட்டென்று சுரண்டுகிற மாதிரி சத்தம். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வருகிறதோ! தண்ணீர் மேலே ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி முட்டை மிதக்கிறதை எஸ்தர் டீச்சர் காட்டினாள். அத்தையைப் பற்றி இதற்குமேல் எழுதினால் உங்கள் மனசு சங்கடப்படும்.

அந்தப் பள்ளத்தை மூடவேண்டும் என்று ஒருத்தர் வண்டியில் கல்லும் மண்ணும் கொண்டுவந்து இறக்கப் போனார். "எங்க மாமியார் இருக்காங்க, ஒரு மாசம் கழிச்சி வாங்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மஹாலட்சுமி பின்னாலிருந்து, "ஆமாங்க, கர்ப்பமா வேற இருக்காங்க" என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தெருவில் நான் சொன்னது உண்மைதான். நீங்கள் பேசினீர்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் அழுதீர்கள் என்றுதான் சொன்னேன். மஹாலட்சுமி மாற்றிவிட்டாள்.

தறியை வெறுமையாக விடப் பிடிக்கவில்லை. அடுத்த பாவு ஏற்றச் சொல்லியிருக்கிறேன். குழியில் இறங்குகிறபோது இப்போதும் முதலில் லைட் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். காலியாக இருக்கிறது. பழகிக்கொள்ள வேண்டும்.

தட்டு விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. உங்கள் ஓர்ப்படிகளைக் குறை சொல்ல மாட்டேன். நானே பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தட்டு எடுக்கிற கை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதை நீங்கள் என்னிடம் கேட்கவும் இல்லை, எடு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் என் காலை ஒன்று கேட்டீர்கள். கேட்டதற்கு அது இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அது சொல்லச் சொன்னதை எழுதுகிறேன்: இப்போது சில்லென்று இல்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரணி பஸ்ஸில் ஏறுகிறது.

கூட நானும் வருகிறேன்.

நீலாம்பாள்